சாவியைத் தேடி ஓடினோம், மார்பை அழுத்தவில்லை

(ஐந்தருவியில் நடைபெற்ற நினைவு நிதிக் கூட்டத்தில் மில் தொழிலாளர் ஒருவர் ஆற்றிய உரை)

பேசிப் பழக்கம் உள்ளவன் அல்ல நான். மில்லில் சைடு பார்க்கிறவன். இன்றைக்கு என்னைப் பேசச் சொன்னதற்கு ஒரே காரணம், யாருடைய நினைவுக்காக நாம் கூடியிருக்கிறோமோ அந்தப் பையன் என் அக்காள் மகன் என்பதுதான். என் கையைப் பிடித்து நடந்த பிள்ளைக்கு நான் நினைவுக் கூட்டத்தில் பேசுகிறேன். வரிசை மாறிப் போயிற்று, தோழர்களே.

அவனுக்கு வயது இருபத்து மூன்று. டாப்பர் வேலை. பீடியில்லை, குடியில்லை. கபடியில் நல்ல பாட்டுக்காரன். சாரல் காலத்தில் ஞாயிறு விடிந்தால் இந்த அருவிக்கரையில்தான் கிடப்பான். சங்கத்துச் சந்தா வசூலுக்கு வீடு வீடாகப் போகிறவன் அவன். அவன் பெயரிலேயே இன்று வசூல் செய்கிறோம்.

என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அந்தக் காலைப் பொழுது

காலை ஷிப்டு. மில் பஸ் புறப்பட்டுவிட்டது. மருமகன் ஓடி வந்தான். பஸ்ஸைப் பிடிக்கக் கையை நீட்டினான்; அப்படியே குப்புற விழுந்தான். நாங்கள் பத்துப் பதினைந்து பேர் இறங்கி ஓடினோம். கை கால் இரண்டு மூன்று தரம் வெட்டி இழுத்தது. "வலிப்பு, வலிப்பு" என்று ஒருவர் கத்தினார். "இரும்பைக் கையில் கொடு" என்றார் இன்னொருவர். சாவியைத் தேடி ஓடியவன் நான்தான். டீக்கடைப் பூட்டுச் சாவியை வாங்கிவந்து அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். ஒருவர் துண்டால் விசிறினார். ஒருவர் சோடா உடைத்து முகத்தில் தெளித்தார். ஒருவர் வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைத்தார். எல்லோரும் பாசத்தோடுதான் செய்தோம். ஒருவர்கூடச் சும்மா நிற்கவில்லை. ஆனால் செய்யவேண்டிய ஒன்றை மட்டும் யாரும் செய்யவில்லை.

அவன் மூச்சு நின்றிருந்தது. நெஞ்சு நின்றிருந்தது. சாவியைப் பிடித்திருந்த அந்தக் கையால் அவன் மார்பை அழுத்தியிருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. பதினைந்து பேரில் ஒருவருக்கும் தெரியாது. ஆட்டோ வந்து, ஏற்றி, ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பிரேதப் பரிசோதனையில் இதயத்தில் அடைப்பு இல்லை, காயம் இல்லை, விஷம் இல்லை. "நல்ல இதயமாகத்தான் இருக்கிறது" என்றார்கள். நல்ல இதயம் ஏன் நின்றது? ஊரில் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். காத்துக் கருப்பு என்றார்கள், யாரோ எதையோ கலந்து கொடுத்துவிட்டார்கள் என்றார்கள். பெற்றவளின் காதில் இவையெல்லாம் விழுந்தன.

குழாயில் அடைப்பில்லை, ஸ்டார்ட்டரில் கோளாறு

பிறகு ஒரு டாக்டர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். நமக்குப் புரிகிற மாதிரி நான் சொல்கிறேன்.

வயலில் பம்ப்செட் ஓடுகிறது. தண்ணீர் வரவில்லை. இரண்டு காரணம் இருக்கலாம். குழாயில் அடைப்பு இருக்கலாம், அதுதான் மாரடைப்பு. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. இன்னொன்று, குழாய் சுத்தமாக இருக்கும், மோட்டாரும் நல்ல மோட்டார்தான், ஆனால் கரண்டில் கோளாறு. இதயமும் கரண்டில்தான் ஓடுகிறது, தோழர்களே. மேல் அறையில் ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. அதிலிருந்து நிமிஷத்துக்கு அறுபது முதல் நூறு தரம் மின்துடிப்பு கிளம்புகிறது. அது இறங்கிவந்து தசையைச் சுருக்குகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் மறுபடி சார்ஜ் ஏற வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே இந்தச் சார்ஜ் ஏறத் தாமதமாகிறது. ஓடும்போதோ, நீந்தும்போதோ, திடுக்கிடும்போதோ, சார்ஜ் ஏறி முடியுமுன் அடுத்த துடிப்பு வந்து விழுந்தால் தாளம் தப்பிவிடும். இதயம் துடிக்காமல் நடுங்கத் தொடங்கும். நடுங்குகிற இதயம் ஒரு சொட்டு ரத்தத்தையும் தள்ளாது. சில விநாடிகளில் நினைவு போகும். மூளைக்கு ரத்தம் போகாததால் கைகால் வெட்டி இழுக்கும். பார்க்கிறவர் அதை வலிப்பு என்று நினைப்பார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

கரண்டுக் கோளாறு பிணத்தை அறுத்துப் பார்த்தால் தெரியாது. மோட்டாரைக் கழற்றிப் பார்த்தால் நேற்றுக் கரண்டு போனது தெரியுமா? உயிரோடு இருக்கும்போது ஈ.சி.ஜி. எடுத்தால்தான் தெரியும். அது சில நிமிஷ வேலை. அரசு ஆஸ்பத்திரியில் எடுக்கலாம்.

அறிகுறி இல்லாமலா இருந்தது? இருந்தது. பதினாலு வயதில் குளத்தில் நீந்தும்போது ஒருமுறை மூழ்கிப்போனான். கூட இருந்த பிள்ளைகள் இழுத்துப் போட்டார்கள். "பசி மயக்கம்" என்றோம். இரண்டு வருஷம் கழித்துக் கபடி ஆடும்போது விழுந்தான். கோடாங்கியிடம் கொண்டுபோய்க் கயிறு கட்டினோம். பிறகு ஒரு மருத்துவரிடம் போனோம். வலிப்பு மாத்திரை கொடுத்தார். ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டுமென்று நமக்கும் தெரியவில்லை. அக்காளின் மாமனார் வழியில் ஒரு பெண் பதினெட்டு வயதில் கிணற்றில் நீந்தும்போது செத்தாள் என்பதும் பிறகுதான் எங்கள் நினைவுக்கு வந்தது.

அவன் போனபின் குடும்பத்தில் எல்லோருக்கும் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அவன் தங்கைக்கு அதே கோளாறு இருப்பது தெரிந்தது. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வர வாய்ப்புண்டாம். இப்போது அந்தப் பெண் தினம் மாத்திரை சாப்பிடுகிறாள். விலை உயர்ந்த மாத்திரை அல்ல, சில ரூபாய்தான். அவள் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அண்ணனுக்குக் கிடைக்காத மாத்திரை தங்கைக்குக் கிடைத்திருக்கிறது. அவன் செத்துத்தான் அது கிடைக்க வேண்டியிருந்தது என்பதே என் நெஞ்சை அறுக்கிறது.

இது நம் வீட்டுக் கதை மட்டும் அல்ல

2004 டிசம்பர் 5. பெங்களூர் கண்டீரவா மைதானம். பெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம். கோவாவின் டெம்போ அணிக்காக ஆடிய பிரேசில் வாலிபர் கிறிஸ்டியானோ ஜூனியர், வயது 25, தன் இரண்டாவது கோலைப் போட்டார், எதிரணிக் கோல்காப்பாளரோடு மோதிக் கீழே விழுந்தார், எழவே இல்லை. இதயம் நின்றுவிட்டது. அவர் அணிந்த 10ஆம் எண் சட்டையை டெம்போ அணி அதன்பின் யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தது.

அதற்கு முந்தைய வருஷம், 2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியோன் நகரில் காமரூன் நாட்டு வீரர் மார்க் விவியன் போ, வயது 28, ஆட்டத்தின் நடுவே விழுந்து இறந்தார். அவருக்கு இதயத் தசை தடித்திருந்தது பிறகு தெரிந்தது.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் அதே மாதிரி விழுந்தார். ஆனால் இம்முறை மைதானத்திலேயே மார்பை அழுத்தினார்கள்; மின் அதிர்ச்சி மெஷினைக் கொண்டுவந்து இதயத்தை ஒரு தட்டுத் தட்டினார்கள். அவர் பிழைத்தார். எட்டு மாதத்தில் மறுபடி பந்தாட வந்தார். மூவரும் ஆரோக்கியமான இளைஞர்கள். மூன்றாமவருக்குச் செய்யவேண்டியதை உடனே செய்தார்கள்.

இவர்கள் பேர் பெற்ற ஆட்டக்காரர்கள், உலகம் பார்த்தது. பார்க்காத சாவுகள் எத்தனை! ஒன்றைக் கேளுங்கள். 1982 முதல் 1990 வரை சிங்கப்பூரில் கட்டிட வேலைக்குப் போன தாய்லாந்து வாலிபர்கள் 200 பேருக்கு மேல் தூக்கத்திலேயே செத்தார்கள். பகலெல்லாம் சுமை தூக்கியவர்கள், இரவில் பாயில் படுத்தார்கள், காலையில் எழவில்லை. அவர்கள் ஊரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? விதவைப் பேய் வந்து ஆண்களைக் கொண்டுபோகிறது என்றார்கள். பேயை ஏமாற்ற ஆண்கள் நகத்துக்குச் சிவப்புச் சாயம் பூசிப் படுத்தார்கள். 1997இல் டாக்டர்கள், தப்பிப் பிழைத்தவர்களுக்கு ஈ.சி.ஜி. எடுத்து ஆராய்ந்து பேய் எது என்று கண்டுபிடித்தார்கள். ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த புருகாடா சகோதரர்கள் 1992இல் விவரித்திருந்த அதே கரண்டுக் கோளாறு! பேய்க்குச் சாயம் பூசுகிறவர்களைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டாம். நாம் சாவியைக் கையில் வைத்தவர்கள்.

ஒரு சாவின் நினைவாக வந்த கருவி

இப்படிச் சாகிறவர்களைக் காப்பாற்ற முடியும் என்று முதலில் யார் கண்டார்கள்? ஒரு நாட்டுக்காரர் அல்ல, பல நாட்டுக்காரர்கள். 1939இல் சோவியத் நாட்டில் நவூம் குர்விச் என்பவரும் அவர் தோழரும், நடுங்குகிற இதயத்தை நொடிப்பொழுது மின் அதிர்ச்சியால் நேராக்கலாம் என்று மிருகங்களில் சோதித்துக் காட்டினார்கள். 1960இல் அமெரிக்காவில் கோவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்ற மூவர், மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்து இரு கையால் அழுத்தினாலே ரத்தம் ஓடும் என்று எழுதினார்கள். கோவன்ஹோவன் டாக்டரே அல்ல, எலெக்ட்ரிக் இன்ஜினீயர். அமெரிக்காவில் மின் அதிர்ச்சிக் கருவியைச் செம்மைப்படுத்திய பெர்னார்ட் லௌன் என்ற டாக்டரும், சோவியத் இதய டாக்டர் யெவ்கேனி சாசவும் 1980இல் அணுகுண்டுக்கு எதிராக டாக்டர்கள் இயக்கம் தொடங்கினார்கள். அந்த இயக்கத்துக்கு 1985இல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது.

இன்னொருவரைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். மிஷல் மிரோவ்ஸ்கி. போலந்தில் பிறந்த யூதர். யுத்தத்தில் குடும்பத்தைப் பறிகொடுத்தவர். டாக்டரானார். அவர் மதித்த பெரிய டாக்டர் ஒருவர் 1966இல் இதயத் தாளக் கோளாறால் இறந்தார். "இப்படிப்பட்டவரை எந்நேரமும் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்க முடியுமா? காவலாளியை உடம்புக்குள்ளேயே வைத்தால் என்ன?" என்று யோசித்தார் மிரோவ்ஸ்கி. நடக்காத காரியம் என்று பெரிய பெரிய நிபுணர்கள் தள்ளினார்கள். பதினாலு வருஷம் விடவில்லை மனிதர். 1980 பிப்ரவரியில் அந்தச் சிறு கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் உடம்புக்குள் வைக்கப்பட்டது. எரிக்சன் மறுபடி பந்தாடியது அந்த மாதிரிக் கருவியோடுதான். தோழர்களே, செத்தவரை நினைப்பது என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இங்கிலாந்தில் பிள்ளைகளை இப்படிப் பறிகொடுத்த குடும்பங்கள் 1995இல் தொடங்கிய ஒரு சங்கத்தில் சேர்ந்து நிதி திரட்டுகிறார்கள். மைல் கணக்கில் நடந்து காசு சேர்க்கிறார்கள். அந்தக் காசில் 14 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கிறார்கள். அந்த ஒரு நாட்டில் மட்டும் வாரத்துக்கு 12 இளைஞர்களாவது திடீர் இதயச் சாவுக்குப் பலியாகிறார்கள் என்கிறது அந்தச் சங்கம். இத்தாலியில் போட்டிகளில் ஆடுகிறவர்களைச் சோதிக்க வேண்டும் என்று 1982இல் கட்டாயமாக்கினார்கள். வெனெட்டோ மாகாணத்தில் விளையாட்டு வீரர்களின் திடீர்ச் சாவு நூற்றுக்கு 89 பங்கு குறைந்தது என்று 2006இல் ஆராய்ச்சி வெளிவந்தது.

சிலையா, மெஷினா?

நம் நிதிக்கு வருவோம். கூட வேலை பார்த்த தோழர்கள் ஆளுக்கு ஒருநாள் கூலி கொடுத்திருக்கிறார்கள். நாற்று நடும் தாய்மார்கள் முந்தானையிலிருந்து அவிழ்த்துப் போட்டிருக்கிறார்கள். மங்குஸ்தான், ரம்புட்டான் விற்கிறவர்கள், எண்ணெய் தேய்க்கிற அண்ணாச்சிகள் எல்லோரும் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் காசை என்ன செய்வது என்று சங்கத்தில் வாதம் நடந்தது. மார்பளவு சிலை வைப்போம் என்றார்கள் சிலர். அன்னதானம் என்றார்கள் சிலர். என் அக்காள் கடைசி வரிசையில் இருந்து எழுந்தாள். "என் பிள்ளைக்குக் கல் வேண்டாம். நாளைக்கு இன்னொருத்தி பிள்ளை விழுந்தால் எழுப்புகிறதுக்கு ஏதாவது செய்யுங்கள்" என்றாள். அதோடு வாதம் முடிந்தது.

முடிவு செய்தது மூன்று காரியம்.

ஒன்று, ஐந்தருவிக்கு ஒரு மின் அதிர்ச்சி மெஷின். விலை ஒரு லட்சம் ரூபாய் அளவில் ஆகும். படிப்பில்லாதவரும் இயக்கலாம். இரண்டு ஒட்டுப் பட்டைகளை மார்பில் ஒட்டினால் மெஷினே துடிப்பைப் பார்த்துச் சொல்லும். தேவையில்லாதவருக்கு அதிர்ச்சி கொடுக்காது. அது பேசுகிற மொழி தமிழாக இருக்க வேண்டும் என்று வாங்கும்போதே கண்டிப்பாகக் கேட்போம். இங்கிலீஷில் பேசினால் நமக்கு என்ன பிரயோஜனம்? நனையாத இடத்தில், பூட்டில்லாத பெட்டியில் அது இருக்கும். பாட்டரியும் பட்டையும் காலாவதியாகும். அதற்கும் வருஷா வருஷம் காசு ஒதுக்க வேண்டும்.

இரண்டு, மார்பு அழுத்தும் பயிற்சி. இந்த ஐந்தருவியில் யார் எந்நேரமும் இருக்கிறார்கள்? கடைக்காரர்கள், எண்ணெய் தேய்க்கிறவர்கள், துப்புரவுத் தொழிலாளர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள். வெளியூர்க்காரர் விழுந்தாலும் முதலில் ஓடிப்போகிறவர்கள் நீங்கள்தான். முதலில் நீங்கள் கற்க வேண்டும்.

மூன்று, ஓடும்போதோ நீந்தும்போதோ மயங்கி விழுந்த பிள்ளைகளையும், இளம் வயதில் காரணம் தெரியாத சாவு நடந்த குடும்பங்களையும் கண்டுபிடித்து ஈ.சி.ஜி.க்கு அழைத்துப் போவது. ஈ.சி.ஜி. எல்லாக் கோளாறையும் காட்டிவிடாது. சிலருக்கு மேல் சோதனை வேண்டும். வலிப்பு என்று மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்திவிட வேண்டாம். "ஒரு ஈ.சி.ஜி. பார்க்கலாமா ஐயா?" என்று டாக்டரிடம் கேளுங்கள், போதும். இந்தக் கோளாறு இருப்பவர்களுக்குச் சில சாதாரண மாத்திரைகளே ஆபத்தாகும். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் சொல்லிவிட வேண்டும். அருவிக்கு வரவே பயப்பட வேண்டாம். குளிக்கிறவர் எல்லோரும் விழப்போவதில்லை.

நிதியின் வரவு செலவுக் கணக்கை மாதா மாதம் சங்கப் பலகையில் ஒட்டுவோம். பத்து ரூபாய் கொடுத்தவருக்கும் கேள்வி கேட்க உரிமை உண்டு.

சர்க்காரின் வேலையை நாம் செய்வதா?

ஒரு தோழர் கேட்டார்: "லட்சக்கணக்கான ஜனங்கள் வருகிற இடம். இங்கே மெஷின் வைப்பது சர்க்காரின் கடமை அல்லவா? கூலிக்காரன் ஏன் உண்டியல் குலுக்க வேண்டும்?" நியாயமான கேள்வி. சர்க்காரின் கடமைதான். மில்லுக்குள்ளே வைப்பது முதலாளியின் கடமை. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி என்றும், 500 பேருக்கு மேல் வேலை செய்தால் தனி ஆம்புலன்ஸ் அறை என்றும் வகுத்தது. அதுவும் தானாக வரவில்லை. தொழிலாளி கேட்டு வந்தது. அந்தச் சட்டம் எழுதிய நாளில் இந்த மெஷின் இல்லை. இன்று இருக்கிறது. பஞ்சும் அயோடினும் உள்ள பெட்டியோடு இன்னும் நிற்பானேன்?

ஆகவே இரண்டையும் செய்வோம். மனுக் கொடுப்போம், வற்புறுத்துவோம். ஒவ்வொரு மில்லிலும் ஒரு மெஷின், சாரல் காலத்தில் ஒவ்வொரு அருவியிலும் ஒரு மெஷின் என்பது நம் கோரிக்கை. ஆனால் மனுவுக்குப் பதில் வரும்வரை இதயம் காத்திருக்காது. நிமிஷம் ஒன்று போனால் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைகிறது. தென்காசியிலிருந்து 108 வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் சீசன் கூட்டத்தில் இந்தப் பாதையில் எத்தனை நிமிஷம் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நிமிஷங்கள் நம் கையில்தான் இருக்கின்றன.

மறக்கக் கூடாதது

ஒருவர் திடீரென்று விழுகிறார். தட்டிக் கூப்பிட்டால் பதில் இல்லை. மூச்சு இல்லை, அல்லது விட்டுவிட்டுக் கொறட்டை மாதிரி இழுக்கிறது. அப்படியானால் ஒருவர் 108க்குப் பேசட்டும். ஒருவர் மெஷினுக்கு ஓடட்டும். ஒருவர் மண்டியிட்டு, உள்ளங்கை அடியை நெஞ்சின் நடுவில் வைத்து, மேலே மறு கையைக் கோத்து, முழங்கையை மடக்காமல் அழுத்தட்டும். இரண்டங்குல ஆழம். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தரம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் பிறகு நெஞ்சு முழுதாக எழும்ப விட வேண்டும். களைத்தால் ஆள் மாறுங்கள். அழுத்துவது நிற்கக் கூடாது. விலா முறிந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள். முறிந்த விலா கூடும்; நின்ற உயிர் கூடாது. சாவி வேண்டாம், சோடா வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம்.

தோழர்களே, பதினைந்து பேர் சுற்றி நின்றும் என் மருமகனை நாங்கள் இழந்தோம். அன்பு குறைந்து இழக்கவில்லை; அறிவு இல்லாமல் இழந்தோம். அந்தக் குறையை இந்த ஊரில் இன்றோடு தீர்ப்போம்.

இப்போது உண்டியல் உங்களிடம் வரும். இருப்பதைப் போடுங்கள், இல்லாதவர் கூச்சப்பட வேண்டாம். ஆனால் காசு போட்டவரும் போடாதவரும் எழுந்து போய்விடக் கூடாது. பயிற்சிக்கு ஒரு பொம்மை கொண்டுவந்திருக்கிறார்கள். அதோ அந்த மரத்தடியில் கிடத்தியிருக்கிறது. ஒவ்வொருவரும் அதன் மார்பை இரண்டு நிமிஷம் அழுத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். முதலில் நான் அழுத்துகிறேன். எனக்குப் பின் என் அக்காள் வருவாள்.